‘படம் எப்படி இருக்கு?’ - ஒரே படத்துக்கு ஆளுக்கொரு பதில் வருவது ஏன்?

திங்கட்கிழமை மதியம், ஆபீஸ் கேன்டீன். டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கேள்வி வந்து விழுகிறது: “வீக்கெண்ட் என்ன படம் பார்த்த? எப்படி இருக்கு?”

“மெய்யழகன் பார்த்தேன். உண்மையிலேயே அழுதுட்டேன்” என்கிறார் ஒருவர். “நானும் பார்த்தேன். இன்டர்வெல் வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தாங்க. சரின்னு பாப்கார்ன் வாங்கிட்டு வந்தா, அதுக்கப்புறமும் பேசிக்கிட்டே இருந்தாங்க” என்கிறார் எதிரில் இருப்பவர். மூன்றாவது ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “அப்போ டிக்கெட் போடலாமா, வேணாமா?”

இருவரும் பார்த்தது ஒரே படம். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது ஆளுக்கு இந்த இரண்டு பதிலாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்தக் குழப்பம் நம் எல்லோருக்கும் பழகியதுதான். நண்பர் ‘வேற லெவல்’ என்று சொன்ன பேய்ப் படத்துக்குப் போய், பயமே வராமல் திரும்பியிருப்போம். வாட்ஸ்அப் குரூப்பில் ‘மொக்கை’ என்று ஒதுக்கப்பட்ட படத்தை மூன்று மாதம் கழித்து ஓடிடியில் பார்த்துவிட்டு, ‘இதைப் போய் ஏன் தியேட்டர்ல விட்டோம்?’ என்று வருத்தப்பட்டிருப்போம். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, படம் எந்த வகை, நாம் எந்த வகையை எதிர்பார்த்துப் போனோம் என்பதில் இருக்கிறது.

ஜானர் என்பது ஒரு வாக்குறுதி

ஓட்டலுக்குப் போய் பிரியாணி கேட்டவருக்கு அருமையான சாம்பார் சாதம் வந்தால் என்ன ஆகும்? சாதத்தில் குறை இல்லை. சாப்பிட்டவருக்கு மட்டும் ஏமாற்றம். வெளியே வந்து ‘சாப்பாடு சரியில்லை’ என்றுதான் சொல்வார்.

ஜானர் என்று நாம் சொல்லும் பட வகையும் இப்படித்தான் வேலை செய்கிறது. பேய்ப் படம் ‘உன்னை பயமுறுத்துவேன்’ என்கிறது. திரில்லர், ‘கடைசி வரை உன்னை ஊகிக்க விடமாட்டேன்’ என்கிறது. காமெடி ‘சிரிக்க வைப்பேன்’ என்கிறது. மாஸ் படம் ‘உன் ஹீரோவை நீ பார்க்க ஆசைப்படுகிற மாதிரி காட்டுவேன்’ என்கிறது. போஸ்டர், டீசர், முதல் பாட்டு, ஹீரோ யார், எந்தப் பண்டிகைக்கு வருகிறது எல்லாம் சேர்ந்து படம் தொடங்குவதற்கு முன்பே இந்த வாக்குறுதியைக் கொடுத்துவிடுகின்றன.

தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் நாம் சொல்லும் ஒரு வரி பெரும்பாலும் படத்தின் தரத்தைப் பற்றியது இல்லை. அந்த வாக்குறுதி நிறைவேறியதா என்பதைப் பற்றியது. கேட்பவருக்கு அந்த வாக்குறுதி என்னவென்று தெரியாவிட்டால், அந்த ஒரு வரி அவரைத் தப்பான தியேட்டருக்கோ, தப்பான முடிவுக்கோ கொண்டுபோய் விடும்.

பயம் வேணுமா, சிரிப்பு வேணுமா?

பேய்ப் படங்களிலேயே இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 2024 மே மாதம் சுந்தர்.சி இயக்கிய ‘அரண்மனை 4’ வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று அஜய் ஞானமுத்து இயக்கத்தில் அருள்நிதி நடித்த ‘டிமான்டி காலனி 2’ வந்தது. இரண்டிலும் பேய் உண்டு. இரண்டும் தொடர் வரிசையில் வந்த படங்கள். ஆனால் இரண்டும் ஒரே வகை இல்லை.

‘அரண்மனை’ வரிசை 2014-ல் தொடங்கியதிலிருந்தே அதன் வாக்குறுதி மாறவில்லை: பெரிய வீடு, பெரிய குடும்பம், நடுவில் ஒரு காமெடி கூட்டம், கடைசியில் பிரம்மாண்டமான ஒரு கிளைமாக்ஸ். குழந்தைகளோடு போகலாம், பயந்தாலும் அடுத்த நிமிடமே சிரித்துவிடலாம். ராகவா லாரன்ஸின் ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) பழக்கிவிட்ட பாதை இது. ‘டிமான்டி காலனி’யோ 2015-ல் வந்த முதல் பாகத்திலிருந்தே பார்ப்பவரை ஒரு புதிருக்குள் அடைத்து வைத்துப் பயமுறுத்தும் வகை.

‘யாவரும் நலம்’ (2009) பார்த்துவிட்டு ராத்திரி லிஃப்ட்டில் ஏறப் பயந்தவர், அதே பயத்தைத் தேடி ‘அரண்மனை 4’ போனால் “பேய்ப் படமா இது? காமெடி பண்றாங்க” என்றுதான் சொல்வார். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனவர் அதே படத்தை “ஃபேமிலியோட ஜாலியா பார்த்தோம்” என்பார். 2024-ன் முதல் பாதியில் நல்ல வசூல் பார்த்த தமிழ்ப் படங்களில் ‘அரண்மனை 4’ ஒன்று. அந்த வசூலுக்குப் பின்னால் இருந்தது இரண்டாவது கூட்டம்.

இதே சுந்தர்.சி இயக்கிய இன்னொரு படம் ‘அன்பே சிவம்’. கமல்ஹாசன் எழுத, மாதவனும் அவரும் நடித்து 2003-ல் வந்தது. வந்தபோது ஓடவில்லை. இன்று தமிழின் சிறந்த படங்களைப் பட்டியல் போடச் சொன்னால் தவறாமல் அதில் இடம்பிடிக்கிறது. டிவியில் எத்தனை முறை போட்டாலும் பார்க்கிறார்கள். படத்தில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. பொங்கலுக்குக் கொண்டாட்டமான படம் ஒன்றை எதிர்பார்த்துத் தியேட்டருக்குப் போன கூட்டமும், வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கும் கூட்டமும் வேறு வேறு. மாறியது அவ்வளவுதான்.

அதே ஹீரோ, இரண்டு மாத இடைவெளி

ஒரே நடிகர், ஒரே ரசிகர் கூட்டம் என்றாலும் வாக்குறுதி மாறினால் அபிப்பிராயம் மாறும் என்பதற்கு 2025-ன் தொடக்கத்தில் நல்ல உதாரணம் கிடைத்தது.

பிப்ரவரி 6 அன்று அஜித்குமார் நடித்த ‘விடாமுயற்சி’ வெளியானது. மகிழ் திருமேனி இயக்கிய இந்தப் படம், 1997-ல் வந்த ‘பிரேக்டவுன்’ என்ற ஹாலிவுட் திரில்லரைத் தழுவியது. அஜர்பைஜானின் நெடுஞ்சாலையில் மனைவியைத் தொலைத்துவிட்டுத் தேடும் ஒரு சாதாரண கணவன்தான் ஹீரோ. அவன் அடி வாங்குகிறான், குழம்புகிறான், கெஞ்சுகிறான். கதைக்கு அது தேவை. ஆனால் முதல் நாள் முதல் காட்சிக்குப் பேப்பர் கிழித்துக்கொண்டு போன ரசிகருக்கு அது தேவையில்லை. “தல அடி வாங்குறதைப் பார்க்கவா வந்தோம்?” என்ற வரி அன்று பலர் வாயில் இருந்தது.

ஏப்ரல் 10 அன்று ஆதிக் ரவிச்சந்திரன் இயக்கிய ‘குட் பேட் அக்லி’ வந்தது. அதில் கதை ஒரு சாக்குதான். அஜித்தின் பழைய படங்கள், பழைய வசனங்கள், பழைய கெட்டப்புகளை வரிசையாக நினைவுபடுத்தி ரசிகரைக் கத்த வைப்பதே அதன் வேலை. தியேட்டர் அதிர்ந்தது. அஜித் ரசிகர் இல்லாத ஒருவர் அதற்குள் உட்கார்ந்திருந்தால், பக்கத்து சீட்காரர் ஏன் கத்துகிறார் என்றே பாதி இடங்களில் புரிந்திருக்காது.

இதில் எது நல்ல படம்? கேள்வியே தப்பு. திரில்லர் பிடித்தவருக்கு முதல் படத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. விசில் அடிக்கப் போகிறவருக்கு இரண்டாவது. இரண்டையும் ஒரே ஸ்கேலில் அளந்து ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போட்டால், அந்த நம்பர் இருவருக்குமே உதவாது.

‘லேக்’ என்ற ஒற்றைச் சொல்

தமிழ் சினிமா பேச்சில் இன்று அதிகம் கஷ்டப்படும் சொல் ‘லேக்’. படம் மெதுவாக நகர்ந்தால் லேக், பாட்டு வந்தால் லேக், வசனம் நீண்டால் லேக். ஆனால் மெதுவாக இருப்பதும் இழுவையாக இருப்பதும் ஒன்றல்ல.

இழுவை என்பது, படம் வேகத்தை வாக்குறுதியாகக் கொடுத்துவிட்டு அதை நிறைவேற்றாமல் விடுவது. துரத்தல் காட்சிக்கு நடுவில் டூயட் வந்தால் அது இழுவை. மெதுவான படம் வேகத்தை வாக்குறுதி கொடுப்பதே இல்லை.

‘மெய்யழகன்’ அந்த ரகம். ‘96’ (2018) எடுத்த பிரேம்குமாரின் அடுத்த படம். கார்த்தி, அரவிந்த்சாமி இருவரும் நடித்து 2024 செப்டம்பர் 27 அன்று வந்தது. சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன ஒருவர், 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஊர்ப்பக்கம் வருகிறார். அங்கே ‘அத்தான், அத்தான்’ என்று உருகும் ஒரு சொந்தக்காரர் ஒட்டிக்கொள்கிறார். அவர் பெயர் மட்டும் இவருக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. கேட்கவும் கூச்சம். படம் முழுக்க அந்த ஒரு ராத்திரிப் பேச்சுதான். சண்டை இல்லை, டூயட் இல்லை, வில்லன் இல்லை.

ஏறத்தாழ மூன்று மணி நேரப் படம். ‘நீளம்’, ‘லேக்’ என்ற பேச்சு எழுந்ததும், வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. ஜல்லிக்கட்டு பற்றிய பகுதியும் அதில் போனது. பிறகு ஓடிடிக்கு வந்தபோது, தமிழ் தெரியாதவர்கள்கூட சப்டைட்டில் வைத்துப் பார்த்து உருகி எழுதினார்கள். தியேட்டரில் இழுவை என்று சொல்லப்பட்ட அதே நிதானம், வீட்டில் ஆறுதலாக மாறியது. கேன்டீனில் அழுதவரும் தூங்கியவரும் இந்த இரண்டு கரையில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதைவிடக் கடினமான சோதனை ‘கொட்டுக்காளி’க்கு. ‘கூழாங்கல்’ எடுத்து ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய பி.எஸ்.வினோத்ராஜின் இரண்டாவது படம். சூரி, அன்னா பென் நடித்தது. பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட பிறகு 2024 ஆகஸ்ட் 23 அன்று தியேட்டருக்கு வந்தது. வேறு சாதிப் பையனைக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, குடும்பமே ஆட்டோவில் ஏற்றி ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போகும் பயணம். பின்னணி இசை கிடையாது. முடிவையும் பார்ப்பவர் கையிலேயே கொடுத்துவிடுகிறது.

சூரியை வைத்துப் படம் என்றதும் சிரிக்கத் தயாராகப் போன சிலர், “என்னங்க, படம் பாதியில முடிஞ்சிடுச்சு” என்று சொன்னார்கள். அந்த ஆதங்கத்தைத் தப்பு சொல்ல முடியாது. 200 ரூபாய் வரை கொடுத்து டிக்கெட் வாங்கியவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வருவது இயல்பு. ஆனால், “பின்னணி இசை இல்லாத படம், முடிவை நீயே யோசிக்கணும், அவசரமில்லாத ஒருநாள் பாரு” என்று ஒரே ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், அவரே வேறு மாதிரி வெளியே வந்திருக்கலாம். ‘பாரு’, ‘பார்க்காதே’ என்பதைவிட அந்தத் தகவல் முக்கியம்.

திரில்லரைப் பற்றி எப்படிப் பேசுவது?

திரில்லருக்கு வேறு ஒரு சிக்கல். அதைப் பற்றிப் பேசினாலே அது கெட்டுப்போகிறது.

நித்திலன் சாமிநாதன் இயக்கிய ‘மகாராஜா’ 2024 ஜூன் 14 அன்று வந்தது. விஜய் சேதுபதியின் 50-வது படம். சலூன் கடை நடத்தும் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், வீட்டில் இருந்த ‘லட்சுமி’ திருடுபோய்விட்டாள் என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி என்பது ஒரு இரும்புக் குப்பைத் தொட்டி. கதையில் இதற்கு மேல் ஒரு வரி சொன்னாலும், பார்க்காதவருக்குச் செய்யும் துரோகம்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சொன்னதும் அப்படித்தான்: “ஒண்ணும் கேட்காத, போய்ப் பாரு.” கதையைச் சொல்லாமலே ஒரு படத்தைப் பரிந்துரைக்க முடியும் என்பதற்கு நல்ல உதாரணம். 2024 நவம்பரில் சீனாவிலும் வெளியாகி அங்கும் பேசப்பட்டது.

ஆனால் இங்கேயும் ஒரு முக்கியமான தகவலைப் பலர் விட்டுவிட்டார்கள். படத்தின் மையத்தில் பாலியல் வன்முறை இருக்கிறது. ‘செம படம், ஃபேமிலியோட பாரு’ என்ற வரியை நம்பி, பத்து வயசுப் பிள்ளையோடு உட்கார்ந்தவர்கள் நெளிந்திருப்பார்கள். கதை முடிச்சைச் சொல்லக் கூடாது. ஆனால் ‘சில காட்சிகள் கஷ்டமா இருக்கும், குழந்தைங்க வேணாம்’ என்பது முடிச்சு இல்லை, எச்சரிக்கை. சொல்லத்தான் வேண்டும். தணிக்கை வாரியமே ‘யு/ஏ’ சான்றிதழை இப்போது 7 வயது, 13 வயது, 16 வயது என மூன்றாகப் பிரித்திருக்கிறது. டிக்கெட் போடும் ஆப்பிலேயே அது தெரியும். நண்பரின் ஒரு வரியைவிட அந்தச் சின்ன எழுத்து சில நேரம் அதிகம் உதவும்.

‘ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்’ எங்கிருந்து வந்தது?

ஹாலிவுட் ரசிகர் படத்தை இப்படி இரண்டாக வெட்டிப் பேசுவதில்லை. அங்கே இடைவேளை கிடையாது. நம் ஊரில் படம் எழுதும்போதே இடைவேளைக்கு ஒரு திருப்பம் வைத்துத்தான் எழுதுகிறார்கள். டீக் கடையில், பாப்கார்ன் க்யூவில் நிற்கும் பதினைந்து நிமிடத்தில் முதல் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. சிலர் அங்கிருந்தே ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் தீ’ என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் பாதி எப்போதும் கொஞ்சம் அதிகமாகத் திட்டு வாங்குவதற்கும் காரணம் உண்டு. முதல் பாதி கேள்விகளை எழுப்பினால் போதும். இரண்டாம் பாதிதான் பதில் சொல்ல வேண்டும். கேள்வி எழுப்புவது சுலபம்.

மனம் வேலை செய்யும் விதமும் இதில் சேர்ந்துகொள்கிறது. உளவியலாளர் டேனியல் கானெமனும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1990-களில் காட்டிய ஒரு விஷயம் உண்டு. ஒரு அனுபவத்தை நாம் நினைவில் வைத்திருப்பது நிமிடத்துக்கு நிமிடம் கூட்டிப் பார்த்து அல்ல. அதன் உச்சமான தருணம் எப்படி இருந்தது, முடிவு எப்படி இருந்தது என்ற இரண்டை வைத்துத்தான் பெரும்பாலும் மதிப்பிடுகிறோம். இரண்டு மணி நேரம் நன்றாகப் போன படம் கிளைமாக்ஸில் சறுக்கினால் ‘சொதப்பிட்டாங்க’ என்று முழுப் படத்தையும் ஒதுக்குவது இதனால்தான். சுமாராகப் போன படத்தைக் கடைசி இருபது நிமிடம் தூக்கி நிறுத்திவிடுவதும் இதனால்தான்.

அதனால் தியேட்டர் வாசலில் சொல்லும் அபிப்பிராயமும், மறுநாள் காலை பல் தேய்க்கும்போது தோன்றும் அபிப்பிராயமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சில படங்கள் வாசலிலேயே காலியாகிவிடும். சில படங்கள் ஒரு வாரம் கழித்துத்தான் உள்ளே இறங்கும்.

ஒரு வரிக்கு எவ்வளவு பலம்?

‘நாலு பேர் கேன்டீனில் பேசுவதால் என்ன ஆகிவிடப் போகிறது?’ என்று தோன்றலாம். நிறைய ஆகும்.

2006-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஒரு ஆய்வில் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் 48 பாடல்களைக் கேட்டார்கள். பிரபலமாகாத இசைக் குழுக்களின் பாடல்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள் மட்டும் காட்டப்பட்டன. மற்றவர்கள் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, தங்கள் குழுவில் எந்தப் பாட்டை எத்தனை பேர் டவுன்லோட் செய்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்தார்கள். ஒரு குழுவில் முன்னணிக்கு வந்த பாட்டு, இன்னொரு குழுவில் பின்னுக்குப் போனது. மிகச் சிறந்த பாடல்கள் அபூர்வமாகவே தோற்றன, மிக மோசமானவை அபூர்வமாகவே ஜெயித்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது. ஆரம்பத்தில் கேட்ட சிலர் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது.

சினிமாவுக்கும் இது பொருந்தும். வெள்ளிக்கிழமை வரும் சின்னப் படத்துக்குத் திங்கட்கிழமை எத்தனை காட்சி என்பதை முதல் மூன்று நாள் கூட்டம்தான் தீர்மானிக்கிறது. செவ்வாய்க்கிழமை நீங்கள் ‘நல்ல படம், பாரு’ என்று சொல்லும்போது, அது உங்கள் ஊரில் காலை 10 மணிக் காட்சி ஒன்றாகச் சுருங்கியிருக்கலாம்.

வாய்வழிப் பேச்சு தூக்கிவிட்ட படங்களும் உண்டு. 2024 செப்டம்பர் 20 அன்று வந்த ‘லப்பர் பந்து’, புது இயக்குநர் தமிழரசன் பச்சமுத்துவின் படம். ஊர் கிரிக்கெட், மாமனார் - மருமகன் ஈகோ, நடுவில் சாதி. பெரிய ஓப்பனிங் இல்லாமல் தொடங்கி, பார்த்தவர்கள் பேச்சாலேயே வாரக் கணக்கில் ஓடியது. 2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’ வந்த அதே நாளில் வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் அப்படித்தான். சசிகுமார், சிம்ரன் நடித்து அபிஷன் ஜீவிந்த் இயக்கிய முதல் படம். இலங்கையிலிருந்து வந்து இங்கே ஒளிந்து வாழும் ஒரு குடும்பத்தின் கதை. ‘மனசுக்கு இதமா இருக்கு’ என்ற ஒரு வரிதான் அதற்கு விளம்பரம்.

இந்தப் பலம் தெரிந்ததால்தான் தயாரிப்பாளர்கள் பயப்படுகிறார்கள். 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியான பிறகு, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம் என்று தமிழ்த் திரைப்பட நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் கேட்டுக்கொண்டது. படம் வந்த முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களைத் தடை செய்யக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. அப்படிப் பொதுவாக இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தயாரிப்பாளர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பார்க்காமலேயே திட்டுவது, பணம் வாங்கிக்கொண்டு புகழ்வது, நடிகர் மேல் இருக்கும் கோபத்தைப் படத்தின் மேல் காட்டுவது எல்லாமே நடக்கின்றன. ஆனால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் தன் கருத்தைச் சொல்வதைத் தடுக்கவும் முடியாது. அதே ‘கங்குவா’வில் இதற்கு நல்ல உதாரணமும் இருக்கிறது. “சத்தம் தாங்கல, தலைவலி வந்துடுச்சு” என்று பலர் குறிப்பாகச் சொன்னதும், ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்களிடம் தயாரிப்பாளர் தரப்பு கேட்டுக்கொண்டது. ‘படம் வேஸ்ட்’ என்ற வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. ‘சத்தம் அதிகம்’ என்றால் முடியும்.

மினி அகராதி: சொல்வதும் அர்த்தமும்

நண்பர் சொல்லும் வரியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கொஞ்சம் மொழிபெயர்த்துக் கொள்வது நல்லது.

‘ஒருவாட்டி பார்க்கலாம்’ - பெரிய குறை இல்லை, ஆனால் அடுத்த வாரம் கேட்டால் கதை ஞாபகம் இருக்காது.

‘ஓடிடில பார்த்துக்கலாம்’ - படம் மோசம் என்று அர்த்தமில்லை. தியேட்டர் செலவுக்கும் டிராஃபிக்குக்கும் ஈடாகத் தோன்றவில்லை. பேச்சும் நிதானமும் நிறைந்த படங்களுக்கு இது சில நேரம் பாராட்டாகவே அமைந்துவிடும்.

‘தியேட்டர் மெட்டீரியல்’ - திரையும் சத்தமும் கூட்டமும் சேர்ந்தால்தான் படம். மொபைலில் பார்த்தால் பாதி போய்விடும்.

‘ஃபேமிலியோட பார்க்கலாம்’ - ஆபாசம் இல்லை என்று பொருள். ரத்தம் இல்லை என்று பொருள் இல்லை. தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘லாஜிக் பார்க்காத’ - மாஸ் படத்துக்கோ காமெடிக்கோ சொன்னால் நியாயம். துப்பறியும் கதைக்குச் சொன்னால் உஷார்.

‘எல்லாருக்கும் பிடிக்காது’ - சொல்பவருக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்கும் பிடிக்குமா என்ற சந்தேகம்தான்.

அடுத்த தடவை யாராவது கேட்டால்...

நல்ல அபிப்பிராயம் சொல்ல விமர்சகராக வேண்டியதில்லை. ஷாட், லைட்டிங், திரைக்கதை அமைப்பு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். நான்கு விஷயத்தைச் சேர்த்துச் சொன்னாலே போதும்.

முதலில், அது என்ன மாதிரிப் படம். பேய்ப் படம் என்று மட்டும் சொல்லாமல், பயமா சிரிப்பா என்று சொல்லலாம். இரண்டாவது, நீங்கள் என்ன எதிர்பார்த்துப் போனீர்கள். “நான் காமெடி நினைச்சுப் போனேன், அதான் எனக்கு செட் ஆகல” என்றால், கேட்பவர் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்வார். மூன்றாவது, குறிப்பாக எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று ஒன்றாவது. நான்காவது, யாரோடு பார்க்கலாம், யாரோடு வேண்டாம். கதையின் முடிச்சு இந்த நான்கிலும் வராது.

அந்தக் கேன்டீனில் மூன்றாவது ஆளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதில் இதுதான்: “சண்டை, ட்விஸ்ட் எதுவும் கிடையாது. ரெண்டு பேர் ராத்திரி முழுக்க பேசுவாங்க. நான் வேகமா போகும்னு நினைச்சு போனேன், தூங்கிட்டேன். ஊரை விட்டு வந்தவங்களுக்குப் பிடிக்கும். அப்பாவைக் கூட்டிட்டுப் போ.”

தூங்கியவரே சொல்லக்கூடிய பதில் இது. அவருக்குப் படம் பிடிக்கவில்லை என்பதும் இதில் இருக்கிறது. ஆனாலும் கேட்டவர் டிக்கெட் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுத்திருப்பார். ஒருவேளை இரண்டு டிக்கெட்டாகவே போட்டிருப்பார்.